பாம்புக்குப் பிடிக்காத சாம்பிராணி

திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாபுவின் மனைவி மோனிகாவிடம் போய், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் உடனே பதில் வராது. "ஆளுங்க மட்டுமா, இல்ல எல்லாம் சேத்தா?" என்று திருப்பிக் கேட்பாள். ஆட்கள் என்று பார்த்தால் அவள், பாபு, பள்ளிக்கூடம் போகிற மகள் ரூபா. மற்றவர்கள் எல்லாரும் மாடிப் போர்ஷனின் பின்னறையில், இரும்பு ரேக்கில் வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில், உமிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு இருப்பார்கள். வெள்ளை எலிகள்.

எதற்கு வளர்க்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். "பாம்புக்கு" என்பாள் மோனிகா. சொல்லிவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. சிலர் ஒரு அடி பின்னால் நகர்வார்கள். சிலர் அவள் காலடியில் பார்ப்பார்கள். ரூபாவின் டீச்சர் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

இந்த விளையாட்டை அவள் ஒரே ஒருவரிடம் மட்டும் ஆடியதில்லை. வீட்டுக்காரர் நாகபூஷணத்திடம்.

மோனிகா நகரி என்கிற ஊர்க்காரி. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள், அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் தெருமுனையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவாள். மாமன் மகன் பாபுவைக் கட்டிக்கொண்டு திருச்சானூர் வந்த பிறகு, திருப்பதியில் கலர் மீன், லவ் பேர்ட்ஸ் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தொட்டி கழுவுவது, தீனி வைப்பது, செத்த மீனை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் எடுத்துவிடுவது. கடை முதலாளி மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போனபோது, கடையில் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். கண்ணாடித் தொட்டி இருந்தது, நல்ல மோட்டார் இருந்தது. மோனிகா எலிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று காலைதான் அதில் ஒரு எலி குட்டி போட்டிருந்தது. பிள்ளை பெற்றவளை அப்படியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

"எல்லாரும் வேல வுட்டா பிஎஃப் வாங்கிக்கினு வருவாங்க. நீ எலி வாங்கிக்கினு வந்துகீறே" என்றான் பாபு.

"ஒன்னையே கட்டிக்கினு வந்தேன், எலி இன்னா பெரிய விசயம்?"

அந்தக் கடையில் எலி வாங்கிக்கொண்டிருந்த ஹரிபிரசாத், அவளை விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் இருந்தபடியே வேலை. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்தால் ஜெயில்தான். இவன் வைத்திருந்தது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த குட்டை மலைப்பாம்பு, அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்தது. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். திருப்பதிக்காரன் அல்லவா, அதற்கு லட்டு என்று பேர் வைத்திருந்தான். அவன் மூலமாக ரேணிகுண்டாவில் ஒருத்தர், சித்தூரில் இரண்டு பேர் என்று பாம்பு வளர்ப்பவர்கள் ஒவ்வொருவராக மோனிகாவிடம் வந்தார்கள். எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப். ஹரிபிரசாத் சொன்னால் அந்த குரூப்பில் மறுபேச்சு கிடையாது.

அப்படித்தான் தொழில் அமைந்தது. எலிகளைப் பார்த்துக்கொள்வதில் மோனிகாவுக்கு ஒரு முறை இருந்தது. கோதுமை நொய், ஊறவைத்த கொண்டைக்கடலை, வாரத்தில் ஒருநாள் அவித்த முட்டை. குட்டி போட்ட எலியின் டப்பா மேல் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவாள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் செருகுவது போல. அந்த டப்பாவை யாரும் இழுக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. பயந்துபோன தாய் எலி தன் குட்டியையே தின்றுவிடும். இது தெரியாமல் ஒருமுறை பாபு சொந்தக்காரர்களுக்குப் படம் காட்டுவதற்காக டப்பாவை இழுத்துவிட்டான். அன்று அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை. தாய் எலிகளுக்கு மட்டும் பெயர் உண்டு. போகப்போகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. "பேரு வச்சிட்டு எப்பிடிக் குடுக்கறது?" என்பாள்.

பிறந்த வீட்டில் நைனாவின் தறி, வந்த வீட்டில் புருஷனின் ஆட்டோ, வேலைக்குப் போன இடத்தில் முதலாளியின் மீன். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு முதன்முதலாக வாய்த்தது இந்த எலிகள்தான். தெருவில் அவளை 'எலி மோனிகா' என்றார்கள். கூப்பிட்டவர்கள் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் அதை விலாசமாக வைத்துக்கொண்டாள்.

சங்கடம் நாகபூஷணத்தின் மூக்கில் இருந்து வந்தது.

நாகபூஷணம் கீழ் வீட்டில் இருந்தார். கோயிலுக்குப் போகிற வழியில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், சாம்பிராணி விற்கும் கடை அவருடையது. காலமெல்லாம் வாசனைக்கு நடுவே உட்கார்ந்தவர். சந்தனத்தை முகர்ந்தே எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவார் என்று பேர். அப்படிப்பட்ட மூக்குக்கு நேர் மேலே எலி மூத்திரம். மோனிகா எவ்வளவு கழுவினாலும், கடுவன் எலி இருக்கும் இடத்தில் ஒரு நெடி இருக்கத்தான் செய்யும். ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு குரல் கொடுத்தார். பொடிப் பொடியாகத் தெலுங்கு தூவின தமிழ் அவருடையது.

"ஏமம்மா மோனிகா! பைன மாடியில இன்னா வாசன அது?"

"எலி சார். வெள்ள எலி. காலேஜுல பசங்க படிக்கறதுக்கு வளக்கறேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பாம்பு என்ற பேச்சை எடுத்தால் அந்த நிமிஷமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று பயம்.

நாகபூஷணத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எலுகலா? சரே. வினாயகுடி வாகனம், நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா வர்ற அமாவாசைக்குள்ள வாசன போகணும். இல்லாட்டி நீங்க போகணும்."

வாசனைக்குத் தீர்வு வாசனைதானே என்று மோனிகா நினைத்தாள். அவருடைய கடைக்கே போய், இருப்பதில் நல்ல கட்டிச் சாம்பிராணியாக வாங்கிவந்தாள். காலையும் மாலையும் தூபக்காலில் கங்கு போட்டுப் பின்னறை முழுக்கப் புகை காட்டினாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் தரையைத் துடைத்தாள். சுவரில் கற்பூர முடிச்சு தொங்கியது. முதல் நாள் எலிகள் எல்லாம் வரிசையாகத் தும்மின. அப்புறம் பழகிக்கொண்டன. நாகபூஷணம் மாடிப்படியில் நின்று, கண்ணை மூடி, ஆழமாக இழுத்துவிட்டார்.

"ஆ! இப்போ கர்ப்பகிரகம் மாதிரி கீது. எங்க கடை சரக்குதானே? எனக்குத் தெரியும்."

மோனிகாவுக்கும் பெருமைதான். அமாவாசை வந்தது, போனது, யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை.

லட்டுதான் சாப்பிடவில்லை.

"அக்கா, லட்டு தலையைத் திருப்பிக்குது" என்று ஹரிபிரசாத் போன் செய்தான். சட்டை உரிக்கிற நேரமாக இருக்கும் என்றாள் மோனிகா. அடுத்த வாரமும் திருப்பிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் ரேணிகுண்டா பாம்பும் சாப்பிடவில்லை, சித்தூர்ப் பாம்புகளும் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. ஹரிபிரசாத் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டான். டப்பாவிலிருந்து ஒரு எலியை எடுத்தான், மூக்கருகே கொண்டுபோனான், அப்படியே நின்றான்.

"அக்கா, இது எலியா, விபூதிப் பிரசாதமா?"

மோனிகாவுக்கு அவன் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மீன்கடையில் இருந்த காலத்திலேயே அவளுக்குத் தெரியும், பாம்பு நாக்கை நீட்டி நீட்டித்தான் மோப்பம் பிடிக்கும் என்று. எலி வாசனை அடிக்காத எலி அதற்கு எலியே இல்லை. தெரிந்தும், இத்தனை நாள் கங்கு போட்டுப் புகை பிடித்தது அவளேதான்.

"குரூப்ல பேசிட்டாங்க அக்கா" என்றான் ஹரிபிரசாத், தரையைப் பார்த்துக்கொண்டு. "சென்னையிலேர்ந்து ஐஸ்ல வெச்ச எலி வருதாம். இந்த ஞாயித்துக்கிழமை லட்டு சாப்பிட்டா பரவால்ல. இல்லன்னா எல்லாரும் அதுக்கு மாறிடுவாங்க. எனக்கே கஷ்டமா இருக்கு."

சாம்பிராணி போட்டால் தொழில் போகும். போடாவிட்டால் வீடு போகும். வேறு வீடு பார்க்கலாம் என்றால், எலிகளோடு வருகிற குடும்பத்துக்குத் திருச்சானூரில் எவன் வீடு கொடுப்பான்? அன்று மாலை பாபுவுக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே குந்திக்கொண்டாள்.

"மாமா, ஒரு வழி சொல்லு."

பாபு சாப்பாட்டைப் பிசைந்தபடி யோசித்தான். "ஓனரு மூக்குல பஞ்சு வச்சிரலாம்."

"மூக்குல பஞ்சு எப்ப வப்பாங்கன்னு தெரியுமில்ல? வாய மூடு."

"அப்ப பாம்புக்கு வச்சிரலாம்."

"அதுக்கு நாக்குலதான் மூக்கே. நீ துன்னு. உன்னக் கேட்டேன் பாரு."

சாம்பிராணியை நிறுத்தினாள். உமி முழுவதையும் கொட்டிவிட்டுப் புது உமி போட்டாள். டப்பாக்களை வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாள். லட்டுவுக்கென்று சில எலிகளை மட்டும் தனி டப்பாவில் போட்டு, மொட்டை மாடியில் காற்றுப்படும் நிழலில் வைத்தாள். கற்பூர முடிச்சைக் கழற்றினாள். எலி வாசனை தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அது வந்த கையோடு நாகபூஷணமும் வந்தார். இந்தத் தடவை பாதிப் படியில் நிற்கவில்லை. நேராக மேலே வந்துவிட்டார்.

"சாம்பிராணி ஏமாச்சு? கடைக்கு வரவே காணோம்?"

மோனிகாவுக்கு இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. கடையில் இருப்பு இல்லை என்று சொல்ல முடியாது, கடையே அவருடையது. சோர்வு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எதுவானாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"சார், இது காலேஜுக்குப் போறது இல்ல. பாம்புக்குப் போறது. வீட்டுல வளக்கற பாம்புங்களுக்கு. சாம்பிராணி போட்டா அதுங்க துன்ன மாட்டேங்குது."

நாகபூஷணம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாமுக்கா?"

"ஆமா சார்."

"வினாயகுடி வாகனத்த?"

"ஆமா சார்."

அவர் கோபத்தில் கத்துவார் என்று மோனிகா காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. எலி பிள்ளையாருடையது. ஆனால் பாம்பு யாருடையது? நாகுல சவிதிக்கு நாகுல சவிதி, அதாவது நாக சதுர்த்தி தவறாமல், புற்றுக்குப் பால் ஊற்றாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர் அவர். எலிக்காகப் பரிந்து பேசினால் பாம்புக்குக் கோபம் வரும், பாம்புக்காகப் பேசினால் எலிக்காரருக்குக் கோபம் வரும். இரண்டு பக்கமும் வேண்டப்பட்ட சம்பந்திகள் சண்டை போட்டால் நடுவில் நிற்பவர் எப்படி விழிப்பாரோ, அப்படி விழித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அது எப்பிடித் துன்னும்?"

"இன்னா சார்?"

"பாமு. புத்துல பால் ஊத்தறேன், முட்ட வக்கறேன். ஒரு தடவ கூட அது துன்னு நான் பாத்ததில்ல அம்மாயி."

ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார். பார்த்துவிட்டுத்தான் இவர்கள் இருப்பதா போவதா என்று சொல்வாராம். மோனிகாவுக்கு அந்த வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. லட்டு சாப்பிட்டால் தொழில் தங்கும். சாப்பிட்டதைப் பார்த்து இவர் அருவருத்துக்கொண்டால் வீடு தங்காது. லட்டு சாப்பிடாமலே போனாலோ, எல்லாமே ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாகபூஷணம் ஏதோ கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல வந்து ஆட்டோவில் ஏறினார். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காதில் அத்தரில் நனைத்த பஞ்சு, சட்டைப்பையில் கற்பூரப் பொட்டலம். நாகராஜாவைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா? அவர் உட்கார்ந்ததும் ஆட்டோ தேர் மாதிரி மணத்தது. மோனிகா எலி டப்பாவை மடியில் வைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டே வந்தாள்.

"மாமா, கொஞ்சம் வேகமா ஓட்டு. காத்து வரட்டும்."

"சிக்னல்ல நின்னுக்கினு கீறேன்டி. எங்க ஓட்ட?"

ஹரிபிரசாத்தின் வீட்டில் ஹாலின் ஓரத்தில் பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே லட்டு, காபிக்கொட்டை நிறத்தில் மஞ்சள் திட்டுகளோடு சுருண்டிருந்தது. நாகபூஷணம் பெட்டிக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். ஹரிபிரசாத் உள்ளறைக்குப் போய், எலியைத் தயார் செய்து, நீளமான இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தான். உயிரோடு விட்டால் எலி பாம்பைக் கடித்துவிடும் என்பதால் அவன் எப்போதும் இப்படித்தான். பெட்டியின் மூடியை நகர்த்தி மெதுவாக இறக்கினான்.

லட்டு தலையைத் தூக்கியது. நாக்கு வெளியே வந்தது. எலிப் பக்கம் ஒருமுறை, நாகபூஷணத்தின் பக்கம் இரண்டு மூன்று முறை. பிறகு தலையை இழுத்து வயிற்றுக்கடியில் புதைத்துக்கொண்டு முழு உருண்டையாகிவிட்டது.

ஹரிபிரசாத் பெருமூச்சு விட்டான். "அக்கா..."

மோனிகாவுக்கு விளங்கிவிட்டது. எலியில் குற்றம் இல்லை. அதை அவளே முகர்ந்து பார்த்துத்தான் கொண்டுவந்தாள். ஆனால் இதை எப்படிச் சொல்வது? வாசனைக்கு என்றே பிறந்த மனிதர், வீட்டுக்காரர், அவள் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர். அவரிடம் போய், உங்கள்மேல் அடிக்கிற வாசனையால்தான் என்று சொல்வதா? பாபுவைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹரிபிரசாத் இடுக்கியைப் பின்னால் இழுக்கத் தொடங்கியிருந்தான்.

"சார்" என்றாள் மோனிகா. தறிவீட்டுக் குரல் அன்று பாதியாகத்தான் வந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் பால்கனியாண்ட போய் நிக்கறீங்களா?"

"எந்துக்கு?"

"உங்க வாசன சார்."

நாகபூஷணம் தன் முழங்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். சட்டையின் தோளை முகர்ந்தார்.

"நானா? நானா வாசன?"

"நல்ல வாசனதான் சார். சாமிக்குப் புடிக்கும், எங்களுக்குப் புடிக்கும். இதுக்குத்தான் புடிக்கல. என் எலி வாசன உங்களுக்கு எப்பிடியோ, உங்க வாசன இதுக்கு அப்பிடி."

நாகபூஷணம் அவளை ஒரு பார்வை பார்த்தார். காதிலிருந்த அத்தர் பஞ்சை எடுத்தார், சட்டைப்பைக் கற்பூரத்தோடு சேர்த்து பாபுவின் கையில் திணித்தார். பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். பாபுவும் கையிலிருந்ததைப் பார்த்து, நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே போனான். ஹரிபிரசாத் ஃபேனைப் போட்டான்.

காத்திருந்தார்கள். வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் கண்ணாடிக்கு வெளியே, நெற்றியைக் கதவில் ஒட்டிக்கொண்டு. உருண்டை மெல்ல நெகிழ்ந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு நாக்கு. எலிப் பக்கம் ஒருமுறை நீண்டது. இன்னொருமுறை. கழுத்து ஆங்கில 'எஸ்' மாதிரி வளைந்தது. அப்புறம் நடந்ததைக் கண் பிடிக்க முடியவில்லை. இடுக்கியில் எலி இல்லை. லட்டு அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"துன்னுது!" என்று மோனிகா கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

லட்டு நிதானமாக, தலையிலிருந்து தொடங்கி, எந்த அவசரமும் இல்லாமல் விழுங்கியது. முடித்த பின் தாடையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, ஒரு கொட்டாவி விட்டது. நாகபூஷணம் கண்ணாடியில் மூக்கு சப்பையாகும் அளவுக்கு ஒட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். ஹரிபிரசாத் குரூப்புக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் நாகபூஷணம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தொழில் தப்பியது, வீட்டை நம் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று மோனிகாவுக்கு உறுதியாகிவிட்டது. திருச்சானூர் நெருங்கியபோது அவர் செருமினார்.

"சிந்தாம, செதறாம எவ்ளோ சுத்தமா துன்னுது! எங்க வீட்டுல மனுசங்க கூட அப்பிடித் துன்ன மாட்டாங்க."

"ஆமா சார்" என்றாள் மோனிகா, எச்சரிக்கையாக.

"மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல ஷெட்டு கீது இல்ல? சும்மா ஒடஞ்ச நாற்காலி போட்டு வச்சிருக்கேன். அங்க எடுத்துக்கினு போய்டு. காத்து அடிக்கும். என் சாம்பிராணி உனக்கு வராது, உன் எலி எனக்கு வராது."

மோனிகா எலி டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பாபு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு கண்டிஷன்" என்று விரலை உயர்த்தினார். "மங்களவாரம், சுக்கிரவாரம், சனிவாரம். இந்த நாளுல என் வீட்டுலேர்ந்து எலி வெளிய போகக்கூடாது. பெருமாளுக்கும் அம்மவாருக்கும் நான் பதில் சொல்லணும்."

"போகாது சார். இதுங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் துன்னும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"நம்மள மாதிரிதான் சார்" என்றான் பாபு. "கறி எடுக்கற நாளு."

நாகபூஷணம் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே ரேக்கும் டப்பாக்களும் மேலே போயின. உடைந்த நாற்காலிகள் கீழே வந்தன. ஷெட்டுக்கு நாலு பக்கமும் வலையடித்துக் கொடுத்தது நாகபூஷணத்தின் ஆள்தான். மாடியில் எப்போதும் காற்று வீசியது. சித்தூர்க்காரர்களும் ரேணிகுண்டாக்காரரும் திரும்பி வந்தார்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கடையடைத்துவிட்டு வரும்போது, நாகபூஷணம் மொட்டை மாடிப் படியின் கடைசித் திருப்பம் வரை ஏறுவார். அதற்கு மேல் வரமாட்டார். அங்கிருந்தே கழுத்தை நீட்டுவார்.

"அம்மாயி, லட்டு துன்னுச்சா?"

"துன்னுச்சி சார். மேல வாங்களேன், புதுக் குட்டி போட்டுகீது, தூர நின்னு பாக்கலாம்."

"வேணாம்மா, வேணாம். இன்னும் குளிக்கல. ஒடம்பெல்லாம் கற்பூரம்."